இரண்டு பிரதேச சபைகளை ஒரு மதகடிக்குக் கூட்டி வந்த கதை

டித்வா புயல் ஓய்ந்த நாளிலிருந்து, சபை எல்லைகளில் இருக்கிற ஊர்க்காரர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, வெள்ளத்தைத் தணிக்க இரண்டு சபையையும் ஒரே தாளில் எப்படிக் கையெழுத்து வைக்கச் செய்தீர்கள்?" தொலைபேசியில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். 2018இல் இதில் பாதியையாவது யாரேனும் எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு சோடிக் காப்பு இன்றைக்கும் என் கையில் இருந்திருக்கும். ஊரின் பெயரையும் சபைகளின் பெயரையும் எழுதவில்லை. நாளைக்கும் அதே அலுவலகப் படிகளில்தான் நான் ஏறவேண்டும்.

கிளிநொச்சி மாவட்டமும் முல்லைத்தீவு மாவட்டமும் முட்டிக்கொள்ளும் ஓரிடத்தில் என் மில் இருக்கிறது. பெரிதாக நினைக்க வேண்டாம். அரிசி மா இடிக்க ஒன்று, மிளகாய் மல்லி அரைக்க ஒன்று என இரண்டு இயந்திரங்கள், ஒரு தராசு, மேலே தகரக் கூரை. பின்பக்கம் வீடு. மில்லுக்குத் தெற்கே, காட்டோரமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சின்னக் குளங்கள் இருக்கின்றன. மேல்குளம் வான் பாய்ந்தால், அதாவது நிறைந்து மிகுநீர் வழிந்தால், அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரும். அதுவும் வான் பாய்ந்தால் ஓடை வழியாக எங்கள் பக்கம் இறங்கும். ஓடை ஒரு கிரவல் வீதியைக் கடக்கும் இடத்தில் இரண்டு குழாய் வைத்த ஒரு மதகு. மதகுக்கு மேலே ஒரு பிரதேச சபை, கீழே இன்னொரு பிரதேச சபை. முன்னதை மேட்டுச் சபை என்றும் பின்னதைப் பள்ளத்துச் சபை என்றும் எழுதுகிறேன். என் மில் மேட்டுச் சபையில் இருக்கிறது. வருடந்தோறும் வியாபார அனுமதிப் பணத்தை அவர்கள் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையை வன்னியில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இரணைமடுக் குளத்தைப் புனரமைத்து, அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திறந்துவைத்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் இரணைமடுவைப் பற்றியே பேச்சு. வான் கதவு திறக்கப் போகிறார்களாம், திறந்துவிட்டார்களாம் என்று கைபேசியில் செய்தி வந்தபடி இருந்தது. எங்கள் இரண்டு குளங்களைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் இருக்கிறது, கதவு இருக்கிறது, நீர்மட்டம் பார்க்க ஆள் இருக்கிறது. இருநூறு ஏக்கருக்கு, அதாவது 80 ஹெக்டேயருக்கு, உட்பட்ட நிலத்துக்குப் பாய்ச்சும் சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அவற்றுக்குக் கதவும் இல்லை, காவலும் இல்லை. நிறைந்தால் வானால் பாயும். அவ்வளவுதான். உங்கள் தலைக்கு மேலே எந்தக் குளம் இருக்கிறது, அது யாருடையது என்பதை மழை தொடங்குமுன்பே தெரிந்துவைத்திருங்கள். வானொலியில் வருகிற எச்சரிக்கை உங்கள் குளத்துக்கானதாக இருக்கும் என்று நம்பிப் படுக்காதீர்கள்.

விடியப்புறம் தண்ணீர் வீதிப் பக்கமாக வரவில்லை. மில்லின் பின்சுவர்ப் பக்கமாக வந்தது. மதகின் இரண்டு குழாய்களையும் ஒரு முறிந்த மருத மரமும் ஆகாயத்தாமரையும் அடைத்துவிட்டன. போக வழியில்லாத வெள்ளம் திரும்பி எங்கள் வளவுக்குள் ஏறியது. நத்தாருக்குப் பலகாரம் சுடுவதற்காகச் சனம் கொண்டுவந்து வைத்த அரிசி, பெயர் எழுதிய துண்டுகளுடன் வாளி வாளியாக இருந்தது. வாளிகள் மிதந்தன, துண்டுகள் கழன்றன. மூன்று மூட்டை மிளகாய்த் தூள் கரைந்து, நெஞ்சளவு தண்ணீர் முழுவதும் செந்நிறம். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதற்குள்ளால்தான் நடந்தேன். கண்ணும் கையிடுக்கும் அடுத்த நாள் இரவுவரை எரிந்தன. வெள்ளத்துக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு வந்தது ஆத்திரம். அந்த மதகுக் குழாய் அடைபட்டுக் கிடக்கிறது என்று ஐப்பசியிலேயே நான் போய்ச் சொல்லியிருந்தேன்.

இரண்டு மோட்டார்களும் போயின. சுருள் மாற்றியதற்கும், அரைவைத் தட்டுகளுக்கும், கெட்டுப்போன சரக்குக்கும், மற்றவர்களின் அரிசிக்கு நான் திருப்பிக் கொடுத்த காசுக்கும், கிணறு இறைத்ததற்கும் சேர்த்து மூன்று இலட்சத்துக்கு மேல் போயிற்று. காப்பை அடகு வைத்தேன். அது மீளவே இல்லை. உலர் உணவு தந்தார்கள். வீட்டுச் சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். மில்லை யாரும் எழுதவில்லை. வீட்டுச் சேதப் படிவத்தில் அதற்கு இடமில்லையாம். ஒன்றைச் சொல்கிறேன்: சேற்றை வழித்துத் துப்புரவு செய்வதற்கு முன், தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி சுவரைப் படம் எடுங்கள். பிறகு அந்த மட்டத்தில் ஆணியால் கீறி, திகதியையும் எழுதிவையுங்கள். கிராம அலுவலர் வரும்போது அந்தக் கீறலைக் காட்டி, அவருடைய குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். நிவாரணத்துக்கு அது உதவுமோ உதவாதோ, எனக்கு ஏழு வருடம் கழித்து வேறொன்றுக்கு உதவியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த வருடம் முழுவதும் அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். மில்லைப் பூட்டிவிட்டுப் போன ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல என்பது எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் தெளிவில்லை. செயலகம் அரசாங்கத்தின் கை. கிராம அலுவலர், நிவாரணம், காணி எல்லாம் அந்தப் பக்கம். சபை நாங்கள் வாக்குப் போட்டு வருவது. உள்ளூர் வீதி, வடிகால், குப்பை, சந்தை அதன் வேலை. நான் செயலகத்துக்குப் போனால் "அது சபையின் வேலை" என்றார்கள். மேட்டுச் சபைக்குப் போனால் "மதகுக்கு அந்தப் பக்கம் எங்களுடையது இல்லை" என்றார்கள். பள்ளத்துச் சபையில் ஓர் உத்தியோகத்தர், நல்ல மனிதர், தேநீர் எல்லாம் தந்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, நீங்கள் எங்கள் வாக்காளரே இல்லையே, உங்களுடைய கடிதத்தை நான் எந்தக் கோப்பில் போடுவது?" கமநல சேவை நிலையத்தில் குளக்கட்டும் வானும் வரைக்கும்தான் தங்கள் எல்லை என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் எல்லையை அவரவர் சரியாகத்தான் சொன்னார்கள். அதுதான் என்னை அழவைத்தது. சண்டை பிடிக்கக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஒருவழியாக 2020இல் மேட்டுச் சபை தன் பகுதி ஓடையைத் தூர்வாரியது. மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்து நின்றபோது ஊரே கூடி நின்று பார்த்தது. கரையைச் சீவி, நாணலைப் பிடுங்கி, ஓடையை நேராகவும் ஆழமாகவும் வெட்டினார்கள். அந்த மாரியில் என் வளவில் தண்ணீர் முன்னையைவிடச் சீக்கிரமாக ஏறியது. காரணம் கேட்டால் சிறுபிள்ளைகூடச் சொல்லும். மேலே வழி திறந்துவிட்டாகிவிட்டது. கீழே அதே இரண்டு குழாய்; அதற்கும் கீழே பள்ளத்துச் சபையின் பகுதியில் அதே பழைய நாணல் காடு. முன்பு மெல்ல மெல்ல வந்த தண்ணீர் இப்போது ஓடி வந்து மதகில் முட்டி நின்றது. சபை தன் வேலையைச் செய்தது, செலவும் செய்தது, படமும் எடுத்துப் போட்டது, கெடுதிதான் கூடியது. ஓடையின் ஒரு துண்டை மட்டும் திருத்துவது, திருத்தாமல் விடுவதைவிட மோசமாக முடியலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். தூர்வாரலைக் கீழேயிருந்து மேலே கொண்டுவர வேண்டும். முதலில் தண்ணீர் போய்ச் சேரும் இடம், பிறகு மதகு, கடைசியில் குளத்தடி. எல்லையில் இருக்கிற ஊரில் அப்படிச் செய்ய ஒரு சபையால் முடியாது.

அந்த மாரிக்குப் பிறகு நான் கேட்கும் விதத்தையே மாற்றினேன். "தூர்வாரித் தாருங்கள்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இரண்டு சபையும் ஒருநாள் ஒன்றாக வந்து பாருங்கள்" என்று மட்டும் கேட்டேன். காசு கேட்டால் இல்லை என்று சொல்வது லேசு. ஒரு காலை நேரம் வந்து பாருங்கள் என்று கேட்டால் மறுக்கக் காரணம் தேடவேண்டும். மேட்டுச் சபையின் எங்கள் வட்டார உறுப்பினர் ஒத்துக்கொண்டார். பள்ளத்துச் சபையிலும் ஒருவர் தலையாட்டினார். கொரோனா ஓயவில்லை, பிறகு எரிபொருள் இல்லாத காலம் வந்தது, பெக்கோவுக்கு டீசல் கேட்கிற நிலையிலா நாடு இருந்தது? அதற்குள் 2023 மார்ச்சில் எல்லாச் சபைகளின் பதவிக்காலமும் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வருடத்துக்கும் மேலாக உறுப்பினர்களும் இல்லை, தவிசாளரும் இல்லை. செயலாளர்மார்தான் சபைகளை நடத்தினார்கள். வாய்ச்சொல்லாகத் தலையாட்டிய இருவரும் வீட்டில் இருந்தார்கள். இதில் ஒரு பாடம் உண்டு: உறுப்பினரின் வாக்குறுதி உறுப்பினரோடு போய்விடும். சபையின் கூட்டக் குறிப்பில் ஏறியது மட்டும்தான் அலுமாரியில் இருக்கும். யார் எதைச் சொன்னாலும், "அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாகக் கொண்டுவாருங்கள்" என்று கேளுங்கள்.

2024 நவம்பர் கடைசியில் வந்த மழை இரண்டாவது அடி. இந்தத் தடவை இடுப்பளவு. மோட்டாரில் ஒன்றைக் காப்பாற்றினேன், மற்றதை முடியவில்லை. விலைவாசி ஏறியிருந்ததால் ஒரு மோட்டாருக்கும் சரக்குக்கும் போன காசு, 2018இல் எல்லாவற்றுக்கும் போன காசைவிடக் கூட. அதைவிட மனதை உடைத்தது இடைத்தங்கல் முகாம். எங்களுக்குக் கிட்டிய பாடசாலை எல்லைக்கு அப்பால், மற்ற மாவட்டத்தில் இருக்கிறது. மழைக்குள் அங்கே போய் ஏறினோம். சமைத்த உணவு அந்தப் பிரிவின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான் வந்தது. எங்கள் பட்டியல் எங்கள் பக்கத்துக் கிராம அலுவலரிடம். அவர் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம். அந்த ஊர்ச் சனம்தான் தங்கள் பார்சலைப் பிரித்து எங்கள் பிள்ளைகளுக்குத் தந்தார்கள். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் அனர்த்தத் திட்டம் என்று ஒரு கோப்பு இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்த பிறகு அதெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதப்படுகிறது. ஆனால் அந்தத் திட்டத்தின் வரைபடம் பிரிவின் எல்லைக் கோட்டோடு முடிந்துவிடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தாள்.

முகாமிலிருந்து வந்த கையோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு சபைகளுக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். விண்ணப்பத்தைச் சாதாரணக் கடிதமாகவே எழுதலாம், தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவைப் பதினான்கு வேலைநாட்களுக்குள் சொல்லவேண்டும். ஒவ்வொரு சபையிலும் இதற்கென ஒரு தகவல் அலுவலர் இருப்பார். ஏன் செய்யவில்லை, ஏன் திருத்தவில்லை என்று நான் எதையும் கேட்கவில்லை. "இந்தக் கிரவல் வீதி உங்கள் வீதிப் பதிவேட்டில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இந்த மதகு உங்கள் சொத்துப் பதிவில் உள்ளதா?" என்று மட்டும். பதில் வந்தது. மேட்டுச் சபை: வீதி மதகுவரை எங்களுடையது. பள்ளத்துச் சபை: வீதி மதகிலிருந்து எங்களுடையது. மதகு இரண்டு பேரிடமும் இல்லை. அந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரதி எடுத்தேன். அத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியதைவிட அந்த ஒற்றைத் தாள் அதிகம் பேசியது. காட்டிய இடமெல்லாம் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் இரண்டு சபைகளும் வெவ்வேறு மாவட்டம். ஆகவே உள்ளூராட்சி உதவி ஆணையாளரும் இரண்டு பேர். ஒருவருக்கு எழுதினால் மற்றவரைக் கட்டுப்படுத்தாது. இருவருக்கும் மேலே யார் என்று தேடினால் மாகாண உள்ளூராட்சித் திணைக்களம். அங்கே ஓர் ஆணையாளர். கடிதத்தை அங்கே அனுப்பி, பிரதிகளை இரண்டு சபைச் செயலாளர்களுக்கும், இரண்டு மாவட்டச் செயலகங்களிலும் உள்ள அனர்த்த முகாமைத்துவப் பிரிவுகளுக்கும் போட்டேன். எல்லைத் தகராறில் கடிதம் எழுதுபவர்கள் இதை முதலில் கண்டுபிடியுங்கள்: இரண்டு பேருக்கும் பொதுவான மேலதிகாரி எந்தக் கதிரையில் இருக்கிறார்? வெவ்வேறு மாவட்டமானால் மாகாணத்தில். ஒரே மாவட்டத்துக்குள் என்றால் உதவி ஆணையாளரும் மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டமுமே போதும். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு இருக்காதீர்கள். கையில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, புதிய சபைகள் கூடிய சூட்டோடு கூட்டுக் களப்பார்வைக்கு நாள் குறித்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு எதையாவது செய்துகாட்டவேண்டும் என்ற ஆசை முதல் ஆறுமாதம் இருக்கும், அதைத் தவறவிடக்கூடாது. அன்றைக்கு மதகடியில் இரண்டு தவிசாளர்கள், இரண்டு தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், கமநல நிலையத்திலிருந்து ஒருவர், இரண்டு பக்கத்துக் கமக்காரர் அமைப்புகள். வந்தவுடனேயே சண்டை. கீழ்ப்பக்க வயற்காரர் ஒருவர், "மேலே வெட்டி மேலே வெட்டி எங்கள் வயலை மணல் மேடாக்கிவிட்டு இப்போது எங்களையும் வெட்டச் சொல்கிறீர்களா?" என்று கத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. மில்லுக்குக் கூட்டிவந்து சுவரைக் காட்டினேன். 2018, 2020, 2024 என்று மூன்று கீறல்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாடாவை விரித்து, மதகுக் குழாயின் மேல்விளிம்பிலிருந்து ஒவ்வொரு கீறலுக்கும் உயரம் எடுத்தார். பிறகு மற்றச் சபையின் தம்பியும் அதே நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் ஒரே இலக்கத்தை இரண்டு குறிப்புப் புத்தகங்களில் எழுதியதைப் பார்த்தபோது, மதகைத் திருத்தியே முடித்ததுபோல எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதிலிருந்து வந்ததுதான் அந்த இரண்டு பக்கத் தாள். கூட்டுத் தணிப்புத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கிற என் மச்சாள் ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, அங்கே 2000ஆம் ஆண்டில் வந்த அனர்த்தத் தணிப்புச் சட்டத்தின் கீழ்ப் பல கவுண்டிகளும் நகரங்களும் சேர்ந்து ஒரே திட்டம் எழுதுவது சாதாரணம் என்றாள். ஆனால் எழுதினால் மட்டும் போதாதாம். ஒவ்வொரு சபையும் தன் கூட்டத்தில் தனித்தனியே அதை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றவேண்டும். நிறைவேற்றாத சபைக்கு மத்திய அரசின் தணிப்பு நிதி கேட்கத் தகுதி இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். நிதி தருகிற கை இங்கே இல்லை. ஆனாலும் தனித்தனித் தீர்மானம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு தவிசாளர்களும் சிரித்துக்கொண்டு கையெழுத்திட்டுப் படம் எடுத்தால் அது படம் மட்டும்தான். இரண்டு சபைகளின் மாதக் கூட்டத்திலும் அதை நிறைவேற்றச் சொல்லி, தீர்மான இலக்கத்தைத் தாளின் மேல்மூலையில் எழுதுவித்தேன்.

தாளில் பெரிய வாக்கியம் எதுவும் இல்லை. ஓடையைப் புரட்டாதி முடியுமுன் கீழேயிருந்து மேலாக ஒரே கிழமையில் தூர்வாருவது. மேட்டுச் சபை பெக்கோவைத் தருவது, பள்ளத்துச் சபை டீசலும் சாரதியின் மேலதிக நேரப் படியும் தருவது. வெட்டிய மண்ணைக் கரையில் குவிக்காமல், கீழ்ப்பக்க வயல்களின் வரம்புக்குப் போடுவது. கத்திய அந்த வயற்காரர்தான் இதைச் சேர்ப்பித்தார். மதகடியில் குப்பை கொட்டுபவருக்கு எதிராக எந்தச் சபையும் நடவடிக்கை எடுக்கலாம் என்பது. எல்லை தாண்டிப் பாடசாலைக்கு வரும் எங்கள் குடும்பங்களின் பட்டியலை மாரிக்கு முன்பே இரண்டு பிரதேச செயலகங்களிலும் வைப்பது. மதகைப் பெரிதாக்குவதற்கு இருவரும் சேர்ந்து ஒரே மதிப்பீடு தயாரிப்பது. பிறகு எச்சரிக்கை. கீழ்க்குளத்தின் வான்கட்டுச் சுவரில் மஞ்சளாக ஒரு கோடும் சிவப்பாக ஒரு கோடும் பெயின்டால் போடுவது. தண்ணீர் சிவப்பைத் தொட்டால் கமக்காரர் அமைப்பின் ஆள் எந்த ஐந்து பேருக்கு அழைக்கவேண்டும் என்பது. கைபேசி வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பெரியவர் கேட்டார். இளசுகள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். "வைரவர் கோவில் மணியை விடாமல் அடியுங்கள், நான் எழும்புவேன்" என்று அந்தப் பெரியவரே பதிலும் சொன்னார். அதையும் அப்படியே எழுதினோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. பின்னேரம் மஞ்சள் கோடு போய், இருட்டும்போது சிவப்பைத் தொட்டுவிட்டது என்று அழைப்பு வந்தது. வான் பாயத் தொடங்கினால் எங்கள் மதகுக்குத் தண்ணீர் வரச் சுமார் மூன்று மணித்தியாலம் ஆகும் என்று முன்பே ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து வைத்திருந்தேன். உங்கள் ஊரிலும் விசாரித்து வையுங்கள். எந்த அலுவலகத்திலும் அந்தக் கணக்கு இல்லை. மோட்டார்களின் நாலு சுரையையும் கழற்றி, சங்கிலிக் கப்பியால் தூக்கி, கூரை வளைக்குக் கிட்ட அடித்து வைத்திருந்த இரும்புத் தட்டில் ஏற்றினோம். அந்தத் தட்டுக்கு இருபத்தெட்டாயிரம் ரூபா. எல்லாச் செலவிலும் இதற்குத்தான் எனக்கு மனம் நோகவில்லை. கைபேசித் தொடர்பு அதற்குப் பிறகு அறுந்துவிட்டது. கீழ்ப்பக்கத்துக்குச் செய்தி போனது மணிச் சத்தத்தில்தான். பாடசாலையில் எங்கள் பெயர்ப் பட்டியல் இருந்தது. பிள்ளைகளுக்கு எங்கள் பெயரிலேயே பார்சல் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மில்லுக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்தது. ஆனால் அடுத்த நாளே வடிந்தது. கீழ்ப்பக்கத்தில் காலபோக நெல் பல ஏக்கர் மணலுக்கடியில் போயிற்று. வரம்புக்குப் போட்ட மண்ணில் பாதி கரைந்துவிட்டது. அப்படிப்பட்ட மழைக்கு இரண்டு சபை சேர்ந்து வெட்டிய ஓடை எந்த மூலைக்கு? அந்த வயற்காரர் என்னோடு கொஞ்ச நாள் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் மிளகாய் அரைக்க வந்தவர், "தங்கச்சி, மதகைப் பெரிதாக்கினால் எங்களுக்கு இன்னும் வேகமாக வருமே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய கேள்வியை அடுத்த கூட்டத்துக்கு எழுத்தில் தரச் சொன்னேன். மதகுக்குக் கீழே தண்ணீர் தங்கிப் போக ஒரு பழைய தூர்ந்த குட்டை இருக்கிறது. அதைத் தோண்டினால் வேகம் தணியும் என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் சொல்கிறார். காணி யாருடையது என்று தேடவேண்டும். அதற்கும் ஒரு தகவல் விண்ணப்பம்.

கடைசியாக, காலம். சபைகள் அடுத்த வருடத்துப் பாதீட்டைத் தயாரிப்பது வருடத்தின் கடைசி மாதங்களில், டிசம்பருக்குள் நிறைவேற்றிவிடுவார்கள். வெள்ளம் வருவதும் அதே மாதங்களில். வெள்ளம் வடிந்த பிறகு ஓடிப்போய்க் கேட்டால், பாதீடு முடிந்துவிட்டது, வருகிற வருடம் பார்ப்போம் என்பார்கள். உங்கள் கடிதம் ஆவணி மாதத்திலேயே இரண்டு சபை மேசைகளிலும் இருக்கவேண்டும். இரண்டிலும் ஒரே வசனம், ஒரே வரைபடம், ஒரே திகதி. எங்கள் மதகின் கூட்டு மதிப்பீடு இன்னும் ஒரு கையெழுத்துக்காகப் பள்ளத்துச் சபையில் நிற்கிறது. திங்கட்கிழமை மில்லைப் பூட்டிவிட்டு அங்கேதான் போகிறேன். அன்றைக்கு யாரும் மிளகாய் கொண்டுவர வேண்டாம்.